தொடர்புக்கு: ஐலெர்ட்

ஐலெர்ட் தன்னைத்தானே போனில் கூப்பிட்டுத் தன்னோடே பேசிக்கொண்டிருந்ததை வகுப்பின் எல்லாக் குடும்பங்களும் பார்த்துவிட்டன. பழியைப் போட வேறு ஆள் கிடையாது. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தது அவர். நிறுத்தும் பட்டனை அழுத்தியதாக நினைத்துக்கொண்டு அழுத்தாமல் விட்டதும் அவர். அந்த வீடியோவை இணைய வகுப்பறையின் முகப்பில், பிள்ளைகள் காலையில் முதலில் பார்க்கிற இடத்தில், ‘தொடர்புக்கு’ என்று தலைப்பு வைத்து ஒட்டியதும் அவரேதான். மானம் கப்பலேறியது என்று சொல்வார்கள். ஐலெர்ட்டின் மானம் நிஜமாகவே கடல் தாண்டிப் போய்த் தீவு தீவாக இறங்கியது.

அந்த மார்ச்சில் நோய்க்குப் பயந்து நார்வே முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். ஐலெர்ட்டின் வகுப்பு ஆறு பிள்ளைகள், நான்கு குடும்பங்கள். மற்ற நாட்களில் பள்ளிப் படகில் வந்து இறங்கி, ஈரக் கையுறைகளை ஹீட்டர் மேல் காயப்போட்டு, அந்த நாற்றத்திலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கிற கூட்டம். இப்போது ஆளுக்கொரு சின்னக் கட்டமாகத் திரைக்குள் போய்விட்டது. பெருநிலத்திலிருந்து தலைமை ஆசிரியை ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒவ்வொரு ஆசிரியரும் தன்னை எந்த எண்ணில், எந்த நேரத்தில், எதற்காகக் கூப்பிடலாம் என்பதை வகுப்பு முகப்பில் போட வேண்டும். சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது, பள்ளிக்கூடப் போனை மட்டும்தான். சும்மா எழுதிப் போடாமல் முகம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோவாக இருந்தால் குடும்பங்களுக்குத் தெம்பாக இருக்கும். பள்ளிக்கூடப் போன் என்பது இத்தனை நாள் காவலாளி பனி அள்ளும் வண்டியைக் கூப்பிட வைத்திருந்த பழைய கருவி. திரையில் ஒரு விரிசல், உறையில் டீசல் வாடை. ஐலெர்ட் அதைத் துடைத்து, சார்ஜ் போட்டு, தாடியைச் சீவிக்கொண்டு, சமையலறை மேசையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து இரண்டு தடவை சொன்னார். வார நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடலாம் என்றார். புன்னகைத்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. இந்தப் போன் வேலை செய்கிறதா? அவர் தன் சொந்தப் போனை எடுத்து, இப்போதுதான் ஊருக்குச் சொன்ன எண்ணை அழுத்தினார். மேசைமேல் பள்ளிக்கூடப் போன் மணியடித்தது. வேலை செய்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் போதும். ஆனால் அந்தச் சமையலறையில் ஒரு போன் ஒலித்து எவ்வளவு காலமாயிற்று என்றால், ஒலிக்கிற போனை எடுக்காமல் விடுவது மரியாதை இல்லை என்று தோன்றிவிட்டது.

“ஹலோ, ஐலெர்ட் பேசறேன்” என்றார் இடது காதில்.

“ஹலோ, இங்கயும் ஐலெர்ட்தான்” என்றார் வலது காதில்.

“அடடா. என்ன விஷயம், சொல்லு.”

“பையனுக்குப் பின்னக்கணக்கு ஏறவே மாட்டேங்குது.”

“அப்பனுக்கு ஏறிச்சா?”

“இல்ல.”

“அப்ப விடு. வேற?”

“வேற ஒன்னும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“சும்மா கூப்பிட ஒரு ஆள் இருக்கறதும் நல்லதுதான். சாப்பிட்டியா?”

“இனிமேதான். நீ?”

“நானும் இனிமேதான்.”

அதற்குப் பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். தக்காளிச் சாற்றில் ஊறிய கானாங்கெளுத்தி டப்பா ஒன்று. தட்டு எடுக்கச் சோம்பல்பட்டு, ஜன்னலோரம் நின்றபடியே டப்பாவிலிருந்து முள்கரண்டியால் குத்திக் குத்தி, கூடவே ஒரு வறட்டு ரொட்டி. மேலே நல்ல சட்டை, கீழே கம்பளி உள்காற்சட்டை. நடுவில் ஒரு தடவை, வெளியே பறந்த கடற்காகத்திடம், “உனக்கு இல்ல” என்றார். திரும்பி வந்து பார்த்தபோது திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. சில இயந்திரங்கள் ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்கும் என்று நினைத்துக்கொண்டு அதை அழுத்தினார். வீடியோ ஏறுவதற்கு உருளைக்கிழங்கு வேகிற நேரம் பிடித்தது. தீவின் இணைய இணைப்பைத் திட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலை வகுப்பில் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆறாவது கட்டம் எப்போதும்போலக் கறுப்பு. ஸ்வெர்ரே என்ற அந்தப் பையன் கேமராவைப் போடுவதே இல்லை. எம்ப்லா என்ற ஒன்பது வயதுக்காரி கையைத் தூக்கினாள்.

“ஐலெர்ட், ஒரு கேள்வி.”

“கேளு.”

“நேத்து நீ உன்கூடவே பேசினியே, கடைசில யாரு முதல்ல போனை வெச்சது?”

எம்ப்லாவின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய கை அவசரமாக நீண்டு வந்தது. அவள் கட்டத்தின் சத்தம் நின்றுபோனது. மற்றக் கட்டங்களில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஐலெர்ட்டுக்குக் காது நுனிவரை சுட்டது. ஆனாலும் முப்பது வருஷ அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே. “அவன்தான் வெச்சான்” என்றார். “எனக்குப் பேச்சை முடிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.” பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், பாடத்துக்குப் போனார்கள். இடைவேளையில் அவர் வீடியோவை முழுசாகப் பார்த்தார். கடற்காகத்துக்கு வந்ததும் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பிறகு கடைசிப் பகுதியை வெட்டி எறிந்தார். அந்த வெட்டும் பட்டன் மட்டும் முதல் தடவையிலேயே சரியாக அழுந்தியது.

அன்று திங்கள்கிழமை. சாயங்காலம் ஆறு அடித்ததும் பள்ளிக்கூடப் போன் ஒலித்தது. எம்ப்லாவின் அம்மா ட்ரூதே. பெற்றோர் சார்பாகப் பேசுகிறவள். கேக் யார் சுடுவது, படகுக் கொட்டகையை யார் கழுவுவது, மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்தில் கொடி யார் பிடிப்பது எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும்.

“வீடியோ ரொம்ப நல்லா இருந்துச்சு ஐலெர்ட். நம்பரெல்லாம் தெளிவா சொன்ன. நாங்க ஆரம்பம் மட்டும்தான் பாத்தோம்.”

“எது வரைக்கும் ஆரம்பம்?”

“அந்த... நம்பர் சொல்ற வரைக்கும்தான். அப்புறம் நிறுத்திட்டோம். வேலை இருந்துச்சு.” “ஆனா ஒன்னு சொல்றேன், தினமும் டப்பா மீனே சாப்பிடாத.”

அவள் தமக்கை மாதிரி அதட்டியது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. எம்ப்லாவுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டாள். அவர் நீளமாகச் சொன்னார். அவள் எதையும் குறித்துக்கொள்கிற மாதிரி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை யோஸ்தைன் கூப்பிட்டான். மூன்று பிள்ளைகளின் அப்பா, காட் மீன் பிடிக்கிறவன். ஒரு காலத்தில் ஐலெர்ட்டிடமே படித்தவன். அந்தக் காலத்திலேயே வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற ஆள். “பின்னம் எப்படிப் போகுது?” என்று கேட்டான். அவனுடைய பிள்ளைகள் மூன்றும் சின்னதுகள், இன்னும் பின்னத்துக்கே வரவில்லை. ஐலெர்ட் அதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை இன்னொரு பையனின் அம்மா ஹேகெ கூப்பிட்டாள். மகன் ஒழுங்காகப் பல் விளக்க மாட்டேன் என்கிறான், வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றாள். வெள்ளிக்கிழமை டாக்கோ நாள். அன்றைக்கு நாடே சோளத்தகட்டில் மாமிசத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த திங்கள் மறுபடி ட்ரூதே. செவ்வாய் யோஸ்தைன். வியாழன் ஹேகெ.

நாற்பது வருஷமாக அந்தக் கடற்கரையில் வாழ்கிறவருக்கு அந்த ஒழுங்கைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. தட்டக் கூடாது என்று அவர் கதவைச் சாத்தி வைத்திருந்தார் என்றும் சொல்லலாம். ஏனென்றால் அந்தச் சாயங்காலங்கள் அவருக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. ஐந்தரைக்கே காபி போட்டுவிடுவார். தாடியைச் சீவிக்கொள்வார், பேசப்போவது போனில் என்று தெரிந்தும். பகலில் நடந்ததில் எது சிரிப்பு வரும்படி இருக்கும் என்று மனதுக்குள் எடுத்து வைப்பார். ஒரு நாள் சிரிக்கும்படி எதுவுமே நடக்காததால், வேண்டுமென்றே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தபால்பெட்டி வரை போய் வந்தார், அதை யோஸ்தைனிடம் சொல்வதற்காக. யோஸ்தைன் கேட்டுவிட்டு, “ஆங்” என்றான். அதுவும் போதுமாக இருந்தது. மனைவி சோல்ஃப்ரித் பிரிந்து பூடோ நகரத்துக்குப் போன பிறகு, முதல் வருஷம் அவள் அவ்வப்போது கூப்பிடுவாள், கடற்கரையில் பனி உருகிவிட்டதா என்று கேட்பாள். பிறகு பனியைப் பற்றிக் கேட்பதை விட்டாள். அவர் தானாக அவளைக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது, நாம் குறுக்கே விழக் கூடாது என்று இருந்துவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஈஸ்டர் விடுமுறை வந்தது. மலைக்குடிலுக்குப் போகக்கூட அந்த வருஷம் தடை. ஈஸ்டர் வழக்கப்படி ஊரே வீட்டுக்குள் ஆரஞ்சு உரித்துக்கொண்டு துப்பறியும் தொடர் பார்த்தது. ஐலெர்ட்டும் ஆரஞ்சு உரித்தார். திங்கள் ஆறு மணிக்குப் பள்ளிக்கூடப் போன் ஒலிக்கவில்லை. செவ்வாயும் இல்லை. வியாழனும் இல்லை. விடுமுறையில் பாடத்தில் என்ன சந்தேகம் வரப்போகிறது, சரிதானே என்று நினைத்துக்கொண்டார். ஆனால் இதுவரை யாருக்குமே பாடத்தில் சந்தேகம் வந்திருக்கவில்லையே என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. காபி ஆறிப்போயிற்று. தொலைக்காட்சியில் யாரோ யாரையோ கொன்றுவிட்டு மிகவும் அமைதியாக இருந்தார்கள்.

விடுமுறை முடிந்த முதல் வியாழக்கிழமை ஹேகெ கூப்பிட்டாள். அவருக்கு அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. மகனின் பல் விஷயத்தில் முன்னேற்றம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு குறுக்கே வந்து டிக் டிக்கென்றது.

“ஒரு நிமிஷம் ஹேகெ, யோஸ்தைனும் கூப்பிடறான்.”

“யோஸ்தைனா?” என்றாள் ஹேகெ. “அவனுக்குச் செவ்வாதானே—”

சொல்லி முடிக்கவில்லை.

“செவ்வான்னா?” என்றார் ஐலெர்ட்.

“இல்ல... செவ்வாதானே அவன் கடலுக்குப் போவான்னு சொல்ல வந்தேன். இன்னிக்கு வீட்லதான் இருப்பான் போல. சரி ஐலெர்ட், அடுப்புல ஏதோ வெச்சிருக்கேன்.”

அவள் வைத்துவிட்டாள். ஐலெர்ட்டின் கையிலிருந்த போன் யோஸ்தைனுக்காக ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை புயல். யோஸ்தைன் படகு வேறு துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தது என்று ஊருக்கே தெரியும். அன்று தவறவிட்டதை இன்று வந்து ஈடுகட்டுகிறான். அந்த ஊரில் எதைத் தவறவிட்டாலும் விடலாம், டுக்னாட்டைத் தவறவிட்டால் ஈடுகட்டியாக வேண்டும். கடற்கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்க, பள்ளிக்கூட வேலிக்குச் சாயம் அடிக்க, கிழவர் வீட்டுக் கூரையைச் சரிபார்க்க, வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வந்து, கூலி இல்லாமல் வேலை செய்து, காபியும் வாஃபிளும் சாப்பிட்டுப் போகிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். ஐலெர்ட்டும் வாழ்நாள் முழுக்க அதில் நின்றவர்தான். வேலிக்குப் பச்சைச் சாயம் அவர் யோசனை. ஆனால் டுக்னாட்டில் வேலி என்ன நினைக்கும் என்று அவர் இதுவரை யோசித்ததில்லை.

போனை எடுத்தார்.

“யோஸ்தைன், உன்னை ஒன்னு கேக்கணும். நீ எதுக்கு என்னைக் கூப்பிடறே?”

போனுக்குள் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. யோஸ்தைன் பிள்ளைகளை விட்டு வெளியே வந்திருந்தான்.

“காத்து எப்படி அங்க?” என்றான்.

“உன் வீட்ல அடிக்கிற அதே காத்துதான். ரெண்டு கிலோமீட்டர்ல அதுக்கு என்ன புத்தி மாறப்போகுது?”

“மேற்கே திரும்புது.”

“யோஸ்தைன்.”

“ராத்திரிக்குள்ள தணிஞ்சிடும்” என்றான் யோஸ்தைன், காற்றைத்தான் சொன்னான். “சரி. பின்னத்தை நல்லா சொல்லிக் குடு.”

திங்கள் வந்தது. ட்ரூதேயிடம் அவர் வேறு வழியில் போய்ப் பார்த்தார். “ட்ரூதே, உண்மையச் சொல்லு. இந்த வருஷம் டுக்னாட்ல வேலியும் கடற்கரையும் மட்டும்தானா, இல்ல நானும் இருக்கேனா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிக்காமல் கேட்டிருந்தால் ஒருவேளை அவளும் சிரிக்காமல் சொல்லியிருப்பாள்.

“ஐயோ ஐலெர்ட், என்ன பேச்சு இது! உன்னை எல்லாரும் எவ்வளவு நெனச்சுக்கறோம் தெரியுமா?”

“நெனைக்கறது வேற. முறை வெச்சு நெனைக்கறீங்களா?”

“நீ காபி குடிச்சியா? குரல் ஒரு மாதிரி இருக்கு.”

அவர் காபி குடித்துவிட்டதாகச் சொன்னார். அவள் எம்ப்லாவுக்கு வாங்க வேண்டிய புத்தகத்தைப் பற்றி மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அன்பான மனிதர்கள். அதில் சந்தேகமில்லை. அவர்கள் கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொரு கேள்வியையும் இப்போது திருப்பிப் பார்த்தால், வீட்டில் யாராவது சமையலறையில் நின்று, ‘இன்னிக்கு ஐலெர்ட்டை என்ன கேக்கறது?’ என்று யோசித்திருப்பது தெரிந்தது. பாவம், யோஸ்தைனுக்கு அதற்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். மூன்று பிள்ளைகளின் சட்டைகளுக்கு நடுவே நின்று ஒரு கேள்வி தேடுகிற யோஸ்தைனை நினைத்ததும் ஐலெர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு அந்த அறையில் இருக்கவே பிடிக்கவில்லை.

அடுத்த திங்கள்கிழமை சின்ன வகுப்புகளைத் திறக்கப்போவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. பிள்ளைகள் படகில் வந்துவிடுவார்கள், ‘தொடர்புக்கு’ என்ற பக்கமே தேவைப்படாது, பள்ளிக்கூடப் போன் காவலாளியின் மேசை இழுப்பறைக்குத் திரும்பிப் போகும். அதற்குள் யாராவது ஒருத்தர் வாயிலிருந்து ஆமாம் அல்லது இல்லை என்ற ஒரு வார்த்தை வர வேண்டும். அது கிடைக்காவிட்டால், இனி வாழ்நாள் முழுக்க யாராவது, ‘எப்படி இருக்கே’ என்று கேட்கும்போதெல்லாம் அவர் மனதுக்குள் கிழமையைப் பார்க்க வேண்டியிருக்கும். தெருவில் கேட்டால்கூட.

புதன்கிழமைகளில் யாரும் கூப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திங்கள், செவ்வாய், வியாழன், நடுவில் ஒரு பல் விழுந்த இடம். நான்கு குடும்பத்தில் கூப்பிடாதது ஒன்றுதான். கறுப்புக் கட்டத்துப் பையன் ஸ்வெர்ரேயின் வீடு. அவன் அம்மா சீவ் வெளித்தீவில் சால்மன் மீன் ஆலையில் வேலை செய்கிறாள். வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது. கூட்டங்களில் கோட்டைக் கழற்றாமல் கடைசியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வாஃபிள் வருவதற்குள் கிளம்பிவிடுவாள். அவளிடம் அவர் இதுவரை பேசியது ஸ்வெர்ரேயின் மழைக்கால்சட்டையைப் பற்றி மட்டும்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் ஜன்னலோரம் நின்றார். ஏப்ரல் வெளிச்சம் கடல்மேல் பால் மாதிரி கிடந்தது. ஆறு மணியை நெருங்க நெருங்கக் கை தானாகத் தாடிக்குப் போனது, இழுத்துக் கீழே வைத்தார். ஆறு ஆயிற்று. வழக்கம்போல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் போனை எடுத்தார், மேசைமேல் திருப்பி வைத்தார். பள்ளிக்கூடப் போனில் கூப்பிட்டால் பையன் ஏதோ செய்துவிட்டான் என்று நினைப்பாள். சுற்றறிக்கையை மீறி, தன் சொந்தப் போனில் அவள் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தார், கடைசியாக ஒருவரைத் தானாகக் கூப்பிட்டது எப்போது என்று அவருக்கு ஞாபகமே இல்லை. அந்த வீடியோவில் கூப்பிட்டதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

“யாரு?” என்றது ஒரு குரல். எண்ணெய் பொரிகிற சத்தம் பின்னால் கேட்டது.

“ஐலெர்ட். பள்ளிக்கூட ஐலெர்ட். இது என் சொந்த நம்பர்.”

“ஸ்வெர்ரே என்ன பண்ணான்?”

“ஒன்னும் பண்ணல. ஒன்னுமே பண்ணல. நல்ல பையன். கேமரா போட மாட்டேங்கறான், அவ்வளவுதான்.”

“அவன் ரூம் அலங்கோலமா கெடக்கு. மத்தவங்க வீடெல்லாம் அழகா இருக்குன்னு சொல்றான்.”

“என் சமையலறையப் பாத்தப்புறமுமா?”

மறுமுனையில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். வெளியே, இரண்டு தீவுகளுக்கு நடுவில், சாயங்கால ஃபெரி போய்க்கொண்டிருந்தது. கார் தளத்தில் ஒரு வண்டிகூட இல்லை. “ஃபெரி உங்க பக்கம் வருது” என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

“தெரியுது. காலியா வருது.”

“காலியாத்தான் இங்கருந்து போச்சு.”

கொஞ்ச நேரம் இருவரும் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பின்புறத்தை, ஒருவர் முன்புறத்தை. இதற்கு மேல் ஒத்திப்போட்டால் அவள் வைத்துவிடுவாள் என்று ஐலெர்ட்டுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டார்.

“சீவ், ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காத. எல்லாரும் என்னைக் கூப்பிடறாங்களே, அது முறை வெச்சா?”

“ஆமா.”

அவர் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார், இதற்கு இல்லை.

“ட்ரூதேதான் முறை போட்டுக் குடுத்தா” என்றாள் சீவ். “எனக்குப் புதன். நான் முடியாதுன்னுட்டேன்.”

“ஏன்?”

“நாள் முழுக்க மீன் வயித்தக் கீறிட்டு வந்து நிக்கறேன். உனக்காக உட்கார்ந்து ஒரு கேள்வி கண்டுபிடிக்க என்னால முடியாது.”

“நியாயம்தான்” என்றார். நியாயமாகத்தான் இருந்தது. “வீடியோவ நீயும் ஆரம்பம் மட்டும்தான் பாத்தியா?”

“முழுசும் பாத்தேன். எல்லாரும் முழுசாத்தான் பாத்தாங்க. ரெண்டாவது தடவையும் போட்டுப் பாத்தாங்க. யாரு ஆரம்பம் மட்டும்னு சொன்னது?”

“எல்லாரும்.”

“பொய்யி.”

“பாவமா இருந்துச்சா?”

“பாவமா?” அவள் கரண்டியை எதிலோ தட்டுகிற சத்தம் கேட்டது. “எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ரெண்டு போனு வெச்சிருக்கான் மனுஷன். ரெண்டையும் எடுத்துத் தன் காதுலயே வெச்சுக்கிட்டு நிக்கறான். ஒன்ன எடுத்து யாரையாவது கூப்பிட்டாத்தான் என்னன்னு. எங்க நம்பர் உன்கிட்ட இல்லையா?”

“இருக்கு. வகுப்புப் பட்டியல்ல எல்லாம் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அவங்கவங்களுக்கு வேலை இருக்கும். சாப்பிடற நேரம், பிள்ளைங்க... தொந்தரவா இருக்குமேன்னு.”

“இருக்கும்” என்றாள் சீவ். “ஏன் இருக்காது? சில நாள் தொந்தரவாத்தான் இருக்கும். அன்னிக்கு எடுக்க மாட்டேன். மத்த நாள்ல எடுப்பேன். அதுக்கு மேல நான் ஒன்னும் வாக்குக் குடுக்க முடியாது. இரு, மீன் கருகுது.”

கட்டை மேசைமேல் போனை வைக்கிற சத்தம் கேட்டது. அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஐலெர்ட் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். எண்ணெயின் பொரிச்சல் சட்டென்று உரத்துப் பிறகு அடங்கியது. ஒரு கதவு திறந்தது, கம்பளிக் காலுறை போட்ட கால்கள் மரத்தரையில் வழுக்கி வந்தன.

“யாரு போன்ல?” என்றது ஸ்வெர்ரேயின் குரல். திரையில் ஒரு தடவைகூட அந்தக் குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

“ஐலெர்ட்.”

“நான் என்ன பண்ணேன்?”

“ஒன்னும் பண்ணல. தட்டு எடு.”

குழாய் திறந்தது, மூடியது. ஒரு இழுப்பறை சிக்கிக்கொண்டு, யாரோ இடுப்பால் இடித்ததும் திறந்தது. தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசின. பையன் எதற்கோ சிரித்தான், அவள் எதற்கோ அதட்டினாள், ஒரு நாற்காலி நீளமாகத் தரையைத் தேய்த்துக்கொண்டு மேசைக்கு அருகில் வந்தது. அந்தச் சமையலறையின் நடுவில், ஈரத் துணிக்கும் உப்புக்குமிடையே எங்கோ, தான் கிடப்பதைப்போல இருந்தது ஐலெர்ட்டுக்கு. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல், மூச்சுச் சத்தம்கூடக் கேட்டுவிடாதபடி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.